மூன்று விரல் சந்து

வாய் செத்தவர்கள் பேசாமல் நின்றால் எனக்குக் கோபம் வராது. பாவம் என்று விட்டுவிடுவேன். கடலூர் முதுநகர் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி சண்டை போடத் தெரிந்த ஒரு மனிதர், தன் பிழைப்பே போகிற நேரத்தில் வாயைத் திறக்காமல் நின்றார். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவரைக் கண்ணாடி பாய் என்போம். பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பாய் என்றால் போதும் என்று இருந்துவிட்டோம். அறுபதுகளின் நடுவில் முதுநகரில், துறைமுகத்துக்குத் திரும்பும் மூலையில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். ஆனால் அவர் பேர்போனது மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் காற்றைத் தடுக்க மாட்டுகிற பிளாஸ்டிக் கண்ணாடிக்கு. சிங்கப்பூரில் கொஞ்சகாலம் இருந்து கற்றுக்கொண்டு வந்த வேலை. கரி அடுப்பின் மேல் தகரத்தைப் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் தகட்டை வைத்துச் சூடாக்குவார். பதம் போன அப்பளம் மாதிரி அது தளரும்போது ஒரு மரக்கட்டையின் மேல் போட்டு வளைப்பார். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் தொலைந்தார்கள்.

பாய் விலைக்காகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அளவுக்காகத்தான் போடுவார். கண்ணாடி அரை விரல் உயரமா குறைவா என்பதற்கு அரை நாள் கத்துவார். பண்ருட்டியிலிருந்து முந்திரி மண்டிக்காரர் ஒருவர் வந்திருந்தார். நல்ல வெள்ளை வேட்டி, விரலில் மோதிரம். வண்டிக்குக் கண்ணாடி தலைக்கு மேல் நிற்க வேண்டும், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

"தலைக்கு மேல வச்சா அது கண்ணாடி இல்ல மொதலாளி, கதவு. தாப்பா வேணுமா?" என்றார் பாய்.

"காசு குடுக்குறவன் நானு. கேட்டத செஞ்சி குடுய்யா."

"மழையில கண்ணாடி நனைஞ்சா எதப் பாத்து ஓட்டுவீங்க? கண்ணாடிக்கு மேல பாத்துதான் ஓட்டணும். மூக்குக்கு நேரா விளிம்பு வரணும். அதுக்கு மேல ஒரு நூலு ஜாஸ்தின்னாலும் நான் செய்ய மாட்டேன். பண்ருட்டியில தச்சன் இருப்பான், அவன்கிட்ட போங்க."

மண்டிக்காரர் போய்விட்டார். பாய் அன்று சாயங்காலம் வரைக்கும் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் அதையே சொல்லிப் பொருமிக்கொண்டிருந்தார். நானும் என் கணவரும் போனது அந்த நேரத்தில்தான். எங்களுக்கும் பாதித் திட்டு விழுந்தது.

என் கணவருக்கு மருந்து கம்பெனியில் வேலை. டாக்டர்களைப் பார்த்து மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் சிதம்பரம், ஒரு நாள் சேத்தியாத்தோப்பு, எல்லாம் மோட்டார் சைக்கிளில்தான். காற்று நெஞ்சில் அடிக்கிறதே என்று மதராஸிலிருந்து ஒரு கண்ணாடி வாங்கி வந்து மாட்டினார். அதற்குப் பிறகுதான் கஷ்டமே. கண்ணாடி இல்லாதபோது காற்று நெஞ்சில் அடித்தது. கண்ணாடி வந்தபிறகு தலையில் அடித்தது. கன்னத்தில் மாறி மாறி அறைகிறாற்போல் இருக்கிறது என்பார். சிதம்பரம் போய் வந்தால் இடது காதில் ஙொய் என்று ஒரு சத்தம், விடியும்வரை நிற்காது. நான் பக்கத்தில் நின்று பேசினால் "என்னா?" என்று கத்துவார். கழுத்தைத் திருப்ப முடியாமல் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். எங்களுக்கு அப்போது கைக்குழந்தை. வேலையை விட்டுவிட்டு எங்கே போவது?

பாய் அந்த மதராஸ் கண்ணாடியைப் பார்த்ததும் கீழே துப்பினார். பிறகு என் கணவரிடம், "ரோட்டுல போவும்போது ஒருதரம் எழுந்து நின்னு ஓட்டிப் பாருங்க சார். நின்னா தலையில அடிக்குதா?" என்று கேட்டார்.

"நின்னா அடிக்கல பாய். ஒக்காந்தாதான் அடிக்குது."

"அப்ப காத்து மேல தப்பு இல்ல. கண்ணாடி மேலதான் தப்பு. நாளைக்கு வூட்டுக்கு வர்றேன்."

வந்தார். அது அவர்களுடைய நோன்பு மாதம். பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். "கம்பளி நூலு இருக்காம்மா?" என்றார். குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னி மிச்சமிருந்த சிவப்பு நூலைக் கொடுத்தேன். அதை விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடியின் விளிம்பில், என் கணவரின் தோளில், நெஞ்சில், காதை மூடிக் கட்டியிருந்த மப்ளரில் எல்லாம் பசை வைத்து ஒட்டினார். தெருவே கூடிச் சிரித்தது. மாட்டுப் பொங்கல் முடிந்தும் எங்கள் வீட்டுக் காளைக்கு அலங்காரம் கலையவில்லை என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள். பாய் சிரிக்கவில்லை. தொப்பியின் மேல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். ஆலப்பாக்கம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். பாய் என் கணவரின் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டி நூல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனாராம். ஒரு தரம் இல்லை, நாலு தரம். கடைசித் தரம் வந்து இறங்கும்போது முகமெல்லாம் புழுதி, உதடு வெடித்திருந்தது. நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். "நோம்பும்மா" என்று கையை மட்டும் காட்டிவிட்டு, உடனே பேச்சுக்கு வந்துவிட்டார்.

"நெஞ்சுல ஒட்டுன நூலப் பாத்தேன். பின்னாடி போவ வேண்டிய நூலு முன்னாடி கண்ணாடியப் பாத்துப் போவுது. என்னா அர்த்தம்? கண்ணாடிக்குப் பின்னாடி எடம் காலியா கெடக்கு. மேல போற காத்து அங்க வுழுந்து சுத்துது. சுத்துற காத்துதான் சார் தலையில குத்துது."

"அப்ப இன்னும் ஒசரமா வச்சிடலாமா?" என்று நான் கேட்டேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். மண்டிக்காரரையும் அப்படித்தான் பார்த்திருப்பார். "காத்த நிறுத்த முடியாதும்மா. வழி வுட்டா அது தன்னால போயிடும். ஒசரத்தக் கொறைக்கணும். கொஞ்சம் பின்னாடி சாய்க்கணும். கீழ, வெளக்குக்கு மேல, மூணு விரலு சந்து வுடணும். கீழேருந்து நல்ல காத்து கொஞ்சம் வந்து அந்தக் காலி எடத்த நெரப்பிட்டா, மேல போற காத்து தலைக்கு மேலயே போயிடும்."

எட்டு நாளில் புதுக் கண்ணாடி வந்தது. மூக்குக்கு நேராக விளிம்பு. அடியில் மூன்று விரல் உயரம், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு சந்து, ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தது. அன்று சிதம்பரம் போய் வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "என்னா கொழம்பு?" என்று கேட்டார். சாதாரணக் குரலில். பல மாதம் கழித்து எங்கள் வீட்டில் ஒருவர் கத்தாமல் பேசினார். நான் அடுப்படியில் திரும்பி நின்று அழுதுவிட்டேன்.

இத்தனையும் தெரிந்தவள்தான் நான். அதனால்தான் அடுத்து நடந்ததற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். அந்தச் சந்து என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் வீடுகளில் விரிசல் விட்ட கண்ணாடியைக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். இதுவோ ஓட்டையே போட்ட கண்ணாடி. என் மாமியார் வேறு நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நல்ல நாளும் அதுவுமா முன்னால் ஓட்டையோடு வண்டியை நிறுத்துகிறாயே என்று. காலண்டரில் ஒரு பிள்ளையார் படம் இருந்தது, ஒரு சாண் அகலம். சந்துக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. மைதா மாவில் பசை காய்ச்சி, கெட்டி அட்டையில் ஒட்டி, அதைச் சந்தின் மேல் ஒட்டினேன். பிள்ளையார் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார். எனக்கு அவ்வளவு திருப்தி.

என் கணவர் பார்த்துவிட்டு, "சந்த அடைச்சிட்டியே, பாய் பாத்தா கத்துவாரு" என்றார். "நாலு நாள் போவட்டும்" என்றேன். நாலு நாள் போனது. அப்புறம் யார் எடுப்பது? ஒட்டிவிட்ட சாமி படத்தைப் பிய்த்து எடுக்க எங்களில் யாருக்குத் துணிவு வரும்? கொஞ்சம் கிழிந்தாலும் பாவம் என்று அவரும் விட்டுவிட்டார், நானும் விட்டுவிட்டேன். சாமி மேல் பக்தி என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது சோம்பேறித்தனமும் பயமும் கலந்த ஒன்று. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று ஆரம்பித்தது. சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது எதிர்க்காற்று. அவர் மறுபடி கத்திப் பேச ஆரம்பித்தார். காற்றுக் காலம், அப்படித்தான் இருக்கும் என்று நானே சொன்னேன்.

பாய் அந்த வண்டியை முதுநகரில் ஒரு டீக்கடை வாசலில் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் சேத்தியாத்தோப்பு போயிருந்தார், மழைக்குப் பயந்து அன்று பஸ்ஸில். வண்டி வாசலில் நின்றது. கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு பாய் வண்டி பக்கத்தில் நின்று, அந்தப் படத்தின் ஓரத்தில் விரலை வைத்து அளந்துகொண்டிருந்தார். நான் வெளியே வந்தேன்.

"அம்மா, இந்தப் படத்த மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. "சாமி படத்து மேல ஏன் கைய வைக்கிறீங்க?" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். "இல்லம்மா, சந்து..." என்றார். "சந்தாவது பொந்தாவது. எங்க சாமிய எடுக்கச் சொல்ல நீங்க யாரு? ஒங்க பள்ளிவாசல்ல வந்து நான் எதாவது சொன்னனா?" என்று கத்தினேன். எதிர்வீட்டு அம்மாள் வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிட்டார். பாய் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பொட்டலத்தைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு போய்விட்டார். அரை விரலுக்குக் கடைத்தெருவை இரண்டாக்குகிற மனிதர், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து உள்ளே போனேன். பாய் வந்ததை என் கணவரிடம் சொல்லவும் இல்லை.

பத்து நாள் கழித்து என் கணவர் வண்டியிலிருந்து விழுந்தார். சிதம்பரத்திலிருந்து வரும்போது, புதுச்சத்திரம் தாண்டி. எதிரே சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி. "லாரி தாண்டும்போது யாரோ தலைய ரெண்டு கையாலயும் புடிச்சி ஆட்டுன மாதிரி இருந்துச்சி, கண்ணு தெரியல" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார். தோளுக்கு முன்னால் இருக்கும் காரை எலும்பு முறிந்திருந்தது. கண்ணாடி இரண்டாக உடைந்து, அடிப்பாதியில் பிள்ளையார் ஒரு கீறல் இல்லாமல் இருந்தார்.

இதில் ஊர் சொன்ன நியாயத்தைக் கேளுங்கள். உயிர் பிழைத்தது பிள்ளையாரால். விழுந்தது பாயால். பார்க்க வந்த ஒவ்வொருவரும் இதையே சொன்னார்கள். ஓட்டைக் கண்ணாடி செய்து கொடுத்து ஆளைத் தள்ளிவிட்டான் என்றார்கள். பிள்ளையார் படம் வண்டியைச் சாய்த்தது என்று நான் சொல்ல மாட்டேன். லாரிக்காற்று எவ்வளவு, வாடைக்காற்று எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. காற்றுக்கு விட்ட வழியை அடைத்தது நான். அது எனக்குத் தெரியும்.

என் கணவரின் அண்ணனுக்கு ஊரில் நல்ல செல்வாக்கு. அவர் உடைந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு முதுநகருக்குக் கிளம்பினார். "நீயும் வந்து நாலு வார்த்த கேளு" என்று என்னையும் ஜட்கா வண்டியில் ஏற்றினார். போனேன். கடை வாசலில் நின்று அவர் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளைத் தெருவில் இழுத்துப் போட்டார்கள். உடைந்த கண்ணாடியைப் பாயின் மேசைமேல் வீசினார்கள். பாய் அதை எடுத்துத் திருப்பினார். சந்தின் மேல் படம் ஒட்டியபடியே இருந்தது. படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். இதோ சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"என் கண்ணாடிதான் சார். தப்பு என்னுதுதான்" என்றார்.

அவ்வளவுதான். நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு மட்டும் வாய் இல்லையா? இருந்தது. அதுவும் பத்துப் பதினைந்து நாள் முன்னால் தெருவே கேட்ட வாய்.

ஒரு மாதத்தில் அவரிடம் கண்ணாடிக்கு ஆள் வருவது நின்றுபோனது. முன்பே வாங்கிப் போனவர்கள்கூடக் கழற்றிக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்துவிட்டுப் போனார்களாம். கரி அடுப்பையும் மரக்கட்டையையும் உள்ளே தூக்கிப் போட்டுவிட்டார், நம்பர் பிளேட் மட்டும்தான் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில், அண்ணன் தம்பி இருவருக்கும் பரிமாறிக்கொண்டே சொன்னேன்.

"மாமா, பாய் மேல தப்பு இல்ல. அந்தச் சந்த அடைச்சது நான். அவரு வந்து சொல்ல வந்தாரு, நான்தான் தொரத்திட்டேன்."

"சாமி மேல பழி போடாத" என்றார் அண்ணன்.

"நான் சாமியச் சொல்லல. ஒட்டுனவளச் சொல்றேன்."

"போதும். ஊரெல்லாம் பேசி முடிஞ்சத நீ புதுசா கெளறாத. மோர் ஊத்து."

என் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சந்து எதற்கு என்று நாலு தரம் ஆலப்பாக்கம் போய் வந்து தெரிந்துகொண்ட மனிதர். அவரும் மோருக்குத்தான் கை நீட்டினார்.

மறுநாள் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறி முதுநகர் போனேன். பாய் ஒரு நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"சாருக்கு எலும்பு சேந்துச்சாம்மா?"

"சேந்துடுச்சி. வூட்ல சொல்லிட்டேன் பாய். சந்த அடைச்சது நான்தான்னு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "யாரு சொல்லச் சொன்னா? ஒங்களுக்கு வூட்டுல நிம்மதி வேணாமா?"

அந்தக் கோபம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. "அரை விரலுக்கு அவ்ளோ கத்துவீங்களே, அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கல? கண்ணாடிய எடுத்துத் தெருவுல வீசுறாங்க. படம் ஒங்க கையில இருக்கு. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா அது கண்ணாடிப் பேச்சா இருக்காதும்மா. சாமிப் பேச்சா ஆயிடும். நாளைக்கு இந்தத் தெருவுல என் புள்ளைங்க நடக்கணும்ல."

 நான் விடவில்லை. "சரி, அன்னிக்கு கும்பல். அதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்கு வந்தீங்களே, மொதல்ல நான் ஒருத்திதானே இருந்தேன்? அன்னிக்காவது வெவரமா சொல்லியிருக்கலாம்ல?"

பாய் மேசை இழுப்பறையைத் திறந்தார். செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, மறுபடி தூரிகையை எடுத்துக்கொண்டார். பிரித்தேன். பிளாஸ்டிக் தகட்டில் செய்த ஒரு சட்டம். ஓரமெல்லாம் வழவழவென்று தேய்த்தது. ஹேண்டில்பாரில் மாட்ட அடியில் இரண்டு கொக்கி. உள்ளே என் பிள்ளையார். உடைந்த கண்ணாடியிலிருந்து ஈரத்துணி போட்டு ஊறவைத்து, ஒரு மூலைகூடக் கிழியாமல் எடுத்திருந்தார்.

"படத்தத்தான் இப்ப வச்சேன். சட்டம் ஒங்க வூட்டுக்கு வந்த அன்னிக்குக் காலையிலயே செஞ்சது" என்றார். "சாமி ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தாரு. இதுல வச்சி சார் பக்கம் திருப்பிட்டா, அவரு சாரப் பாத்துக்குவாரு, சந்தும் தொறந்துக்கும்னு நெனச்சேன்."

அந்தக் கக்கத்துப் பொட்டலம். "கையில வச்சிக்கிட்டுத்தானே வந்தீங்க? ஏன் பாய் காட்டல?" என்று கேட்டேன்.

அவர் எழுத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேச வுட்டீங்களாம்மா?"

வாசற்படி ஏறக்கூட நான் விடவில்லை.